பொன்வண்டுச் சிறகு வைத்துத் தைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்ததும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை உடைமரங்களில் பொன்வண்டு ஏறும். பள்ளிக்கூடம் போகிற வழியில் பிடித்து, தீப்பெட்டிக்குள் நாலு உடை இலையைக் கிள்ளிப் போட்டு, காற்றுக்காக மூடியில் ஊசியால் குத்தி, பைக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு போவோம். அரிசி போல முட்டை வைத்துவிட்டால் அன்றைக்கு வகுப்பே நம்மைச் சுற்றி நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் செத்துப்போகும். அப்படிச் செத்த ஒன்றின் இரண்டு சிறகுகளை அம்மா தன் ஊசி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இருபத்தைந்து வருடம் கழித்து, நான் ஆரி வேலை (கொக்கி ஊசியால் தைக்கிற எம்பிராய்டரி) கற்றுக்கொண்ட புதிதில், நூல் தேடும்போது அந்த டப்பா கையில் அகப்பட்டது. ஊசிகள் துருப்பிடித்துக் கிடந்தன. சிவப்பு நூல்கண்டு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. சிறகுகள் மட்டும் அப்படியே பச்சை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் செம்பு நிறம் ஓடியது.

இந்தச் சிறகைத் துணியில் வைத்துத் தைக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் மதராஸ் இதற்குப் பேர்போன ஊர். ஆரியோ சாதாரணக் கை எம்பிராய்டரியோ கொஞ்சம் பழகியவர் யாரும் சிறகுகளை இலைகளாக வைத்த முதல் கிளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தைத்து முடித்துவிடலாம். பத்துச் சிறகு போதும். அதற்காக ஒரு வண்டைக்கூடக் கொல்ல வேண்டியதில்லை, கொல்லவும் கூடாது.

வண்ணத்துப்பூச்சிச் சிறகில் செய்யக் கூடாதா?

என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். வண்ணத்துப்பூச்சிச் சிறகில் கைவேலை உண்டு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில், சிறகுகளைக் கத்தரித்துக் காகிதத்தில் ஒட்டி, உரலில் இடிக்கிற பெண்கள், குடிசைகள், யானைகள் என்று படம் செய்து விற்கிறார்கள். தைவானில் பூலி என்ற ஊரில் 1960களிலும் 70களிலும் அது ஏற்றுமதித் தொழிலாகவே நடந்தது. பிரேசிலில் மார்ஃபோ என்ற நீல வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பி, சுற்றிலும் மர வேலைப்பாடு வைத்துத் தட்டுகள் செய்தார்கள். ரியோவுக்குப் போன பயணிகள் ஞாபகப் பொருளாக வாங்கிப் போன தட்டுகள் இன்றைக்கும் பழம்பொருள் கடைகளில் வந்துபோகின்றன.

இவற்றில் எல்லாம் சிறகு காகிதத்தில் ஒட்டியிருக்கும், அல்லது கண்ணாடிக்குள் இருக்கும். துணியில் இருக்காது. வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒரு பொடி ஒட்டுமே, அந்தப் பொடிதான் அதன் நிறம். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்ணிய செதில்கள் அவை. உரசினால் உதிர்ந்துவிடும். மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு நிறங்களில் பலதும் சாயப்பொருளால் ஆனவை என்பதால் வெயில் பட்டால் மெல்ல வெளுக்கும். இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் பல வண்ணத்துப்பூச்சிகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. உயிரோடு பிடிப்பது மட்டும் இல்லை, செத்ததை வைத்திருப்பதும் விற்பதும்கூடக் குற்றமாகலாம். எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று சிறகைப் பார்த்துச் சொல்வது பழகியவர்களுக்கே சிரமம். புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

வண்டின் சிறகு வேறு மாதிரி. பொன்வண்டுக்கு நாலு சிறகு. பறப்பதற்கு உள்ளே மெல்லியதாக இரண்டு. அவற்றை மூடிக் காப்பதற்கு மேலே கெட்டியாக இரண்டு. மேலே இருப்பதைத்தான் ஓட்டுச் சிறகு என்று இங்கே சொல்கிறேன். நகம் போலக் கெட்டி, ஆனால் எடையே தெரியாது. அதன் பச்சை சாயம் இல்லை. ஓட்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும்போது நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. சோப்புக் குமிழியில் நிறம் ஓடுவது போலத்தான். சாயமே இல்லாததால் வெளுப்பதற்கும் எதுவும் இல்லை. ஜப்பானில் நாரா பக்கத்து ஹோர்யூஜி கோயிலில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு மரச் சன்னதி இருக்கிறது. அதன் உலோகப் பூவேலைக்கு அடியில் பொன்வண்டுச் சிறகுகளைப் பதித்திருந்தார்கள். 1300 வருடம் கழித்தும் அவற்றில் சில எஞ்சியிருக்கின்றன.

பழைய மதராஸ் துணி என்ன சொல்லித்தருகிறது

19ஆம் நூற்றாண்டில், வெள்ளை மஸ்லினில் தங்க ஜரிகையும் பொன்வண்டுச் சிறகும் சேர்த்துத் தைத்த துணி மதராஸ், ஹைதராபாத், கல்கத்தா போன்ற ஊர்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. மாலை விருந்துக்குப் போகிற பெண்கள் அதை கவுனாகத் தைத்துக்கொண்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெள்ளைத் துணியும் ஜரிகையும் மங்கிக் கிடக்க, சிறகு மட்டும் பளிச்சென்று எழுந்து தெரியும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட துணிகள் இருக்கின்றன. படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஊசி எடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

அவற்றில் நான் கற்றது இரண்டு. ஒன்று, முழுச் சிறகை அப்படியே வைப்பது குறைவு. இலை வடிவத்திலோ சின்ன முட்டை வடிவத்திலோ நறுக்கித்தான் வைத்திருப்பார்கள். முழுச் சிறகு குவிந்திருக்கும், துணி மடியும்போது உடையும். சின்னத் துண்டு ஏறக்குறையத் தட்டையாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, தையல் நூலை மட்டும் நம்பி விடமாட்டார்கள். சிறகைச் சுற்றி ஜரிகை ஓட்டி, ஓரத்தை அணைத்துப் பிடித்திருப்பார்கள். அது அழகுக்கு மட்டும் இல்லை. வெட்டிய ஓரம் கூர்மையாக இருக்கும். தோலையும் பக்கத்துத் துணியையும் கீறாமல் ஜரிகைதான் காப்பாற்றுகிறது.

1903 டில்லி தர்பாரில் (பிரிட்டிஷ் அரசரின் முடிசூட்டைக் கொண்டாடிய விழா) வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி உடுத்திய மயில் கவுன் இந்த வேலையின் உச்சம். துணி முழுக்க ஜரிகையில் மயிலிறகுகள். ஒவ்வொரு இறகுக் கண்ணின் நடுவிலும் ஒரு பொன்வண்டுச் சிறகு, பார்க்க மரகதம் போல. டில்லிக் கைவினைஞர்கள் தைத்த துணியைப் பாரிஸில் வொர்த் என்ற உடை நிறுவனம் கவுனாக்கியது. இப்போது இங்கிலாந்தில் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது.

முழுச் சிறகு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உடை இருக்கிறது. எலன் டெர்ரி என்ற நடிகை 1888இல் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் லேடி மேக்பெத்தாக நடித்தபோது உடுத்தியது. பச்சை நூலில் பின்னிய உடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழுச் சிறகுகள். மேடையில் பாம்பின் செதில் போல மின்ன வேண்டும் என்று செய்தது. காலப்போக்கில் சிறகுகள் உடைந்தும் உதிர்ந்தும் போக, 2011இல் முடிந்த சீரமைப்புக்கு 1300 மணி நேரம் பிடித்தது. உடைந்த சிறகுகளின் அடியில் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமைப் பசையால் ஒட்டித் தாங்கவைத்தார்கள். இந்த உத்தியை மறந்துவிடாதீர்கள், நமக்கும் உதவும்.

இன்னொரு வழி தொங்கவிடுவது. மியான்மர், தாய்லாந்து எல்லையில் வாழும் கரேன் மக்களின் சால்வை ஒன்றுக்குப் பாடும் சால்வை என்றே பெயர். ஓரக் குஞ்சங்களில் சிறகுகளைக் கோத்திருப்பார்கள். நடக்கும்போது ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். தைப்பதற்குப் பயமாக இருக்கிறது என்பவர்கள் இந்த வகையில் தொடங்கலாம். மேல் நுனியில் ஒரே ஒரு துளை, ஒரு நூல், ஒரு பாசி. துப்பட்டா முனைக்கும் காதணிக்கும் நன்றாகவே இருக்கும்.

சிறகு எங்கே கிடைக்கும்

இன்றைக்குக் கைவினைப் பொருள் விற்கிற இணையக் கடைகளில் கிடைக்கிற பச்சைச் சிறகு பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது. அங்கே இந்த வண்டுக்கு மலேங் தப் என்று பெயர். வறுத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, சாப்பிட்டது போக மிஞ்சுகிற சிறகு கைவேலைக்குப் போகும். முட்டையிட்டு முடித்துத் தானாகச் செத்து விழுகிறவற்றையும் பொறுக்குகிறார்கள். வளர்ந்த வண்டின் ஆயுளே சில வாரங்கள்தான். அதற்கு முன்னால் புழுவாக மண்ணுக்குள் நெடுநாள் வேரைத் தின்று கிடந்திருக்கும்.

சில கடைக்காரர்கள் "வண்டு தானாகவே சிறகை உதிர்க்கும், அதைத்தான் எடுக்கிறோம்" என்பார்கள். நம்பாதீர்கள். மயில் இறகு உதிர்ப்பது போல வண்டு சிறகு உதிர்க்காது. ஓட்டுச் சிறகு கழன்று வந்தால் வண்டு செத்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எப்படிச் செத்தது, எங்கிருந்து வந்தது என்பதுதான். தெளிவாகப் பதில் சொல்கிற, பில் தருகிற கடையில் வாங்குங்கள். வெளிநாட்டுக் கடையிலிருந்து நேரே வரவழைப்பதாக இருந்தால் சுங்கத்தில் நிற்கும் வாய்ப்பு உண்டு, முன்னாலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்ப் பொன்வண்டை என்ன செய்வது? முழுப் பச்சையில் வெளிர்ப் புள்ளி வைத்த வகையும், கழுத்து பச்சையாகவும் முதுகு செங்காவியாகவும் இருக்கிற வகையும் நம் பக்கம் தென்படும். சீமைக்கருவேலம் வந்து உடைமரத்தையும் வெள்வேலமரத்தையும் விரட்டிய இடங்களில் இப்போது இவற்றைப் பார்ப்பதே அபூர்வம். என் பிள்ளைக்குக் காட்ட நான் இரண்டு மழைக்காலம் தேடினேன். உயிரோடு இருக்கிறதைத் தொடாதீர்கள். மழைக்காலம் முடிந்தபின் மரத்தடியில் செத்துக் கிடக்கிறதையும், எறும்பு தின்றது போக மிச்சமாகக் கிடக்கிற சிறகையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஊர்ப்பக்கத்துப் பொது நிலத்திலோ சொந்த நிலத்திலோ. சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் செத்த பூச்சியாக இருந்தாலும் எடுக்கக் கூடாது.

கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை

சிறகு ஒரு பன்னிரண்டு (இரண்டு உடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்). ஆறு அங்குல எம்பிராய்டரி வளையம் அல்லது ஆரி ஸ்டாண்ட். நெருக்கமாக நெய்த பருத்தி அல்லது ராசில்க் துணி, அதற்கு அடியில் கொடுக்க ஒரு துண்டு மல் துணி (மெல்லிய பருத்தித் துணி). பத்தாம் நம்பர் கைத்தையல் ஊசி இரண்டு. கரும்பச்சைத் தையல் நூல், தேன்மெழுகு, ஜரி நூல். வளைந்த முனையுள்ள சின்னக் கத்தரி, நகம் தேய்க்கிற ஃபைல். பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டு. ஒரு பழைய இட்லிப் பானை.

ஆரி ஊசியைச் சிறகின் துளைக்குள் விடாதீர்கள். அதன் கொக்கி, வெளியே வரும்போது ஓரத்தைக் கிழித்துவிடும். ஜரி ஓட்ட மட்டும் ஆரி, சிறகைப் பிடிக்கச் சாதாரண ஊசி.

சிறகில் நேரே கைவைக்கப் பயமாக இருந்தால் பூசணி விதை வைத்துப் பழகுங்கள். வடிவம் கிட்டத்தட்ட அதே, ஓரம் அதே மாதிரிதான் விரிசல் விட்டுப்போகும். பத்துப் பூசணி விதையை உடையாமல் துளைத்துவிட்டால் கை தயார்.

இடது, வலது பிரித்தல்

வெள்ளைத் துணியை விரித்து எல்லாச் சிறகையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும். நேரான பக்கம் முதுகின் நடுவில் இரண்டும் சேர்கிற இடம். தோள்ப்பக்கம் அகலமாகவும் தடிப்பாகவும் இருக்கும், நுனி ஒடுங்கி மெலிந்திருக்கும். இடது ஒரு குவியல், வலது ஒரு குவியல். இதைச் செய்யாமல் தைக்க உட்கார்ந்தால் பாதி இலைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து, கிளை கோணலாகத் தெரியும். ஏன் என்று தைத்து முடிக்கிற வரை பிடிபடாது.

உள்பக்கம் காய்ந்த சவ்வு ஒட்டியிருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மேலே ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

ஆவி கட்டுதல்

இந்த வேலையில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. காய்ந்த சிறகு அப்பளம் மாதிரி. ஊசி பட்டதும் விரிசல் ஓடும். ஆவியில் வைத்தால் கொஞ்சம் இளகும், துளையும் விழும், கத்தரியும் ஓடும்.

இட்லித் தட்டில் ஈரத்துணி போட்டு, அதன்மேல் சிறகுகளைப் பரப்பி, தண்ணீர் கொதித்ததும் மூடி, ஐந்திலிருந்து பத்து நிமிடம் வையுங்கள். சிறகு எந்த மருந்து போட்டுப் பதப்படுத்தி வந்தது என்று நமக்குத் தெரியாது, அதனால் சமையலுக்குப் புழங்குகிற பானையை இதற்கு எடுக்காதீர்கள். அடுப்பைச் சிறுதீயில் விட்டு, இரண்டு மூன்று சிறகாக வெளியே எடுங்கள். ஆறினால் மறுபடி விறைத்துக்கொள்ளும். பன்னிரண்டையும் ஒரே தடவையில் எடுத்து வைத்தால் நாலாவதற்கு வருவதற்குள் மீதி எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

இளகியதா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல அமுக்குங்கள். குவிவு கொஞ்சம் தாழ்ந்து, விட்டதும் மெதுவாக எழுந்தால் சரி. டிக்கென்று சத்தம் கேட்டால் இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும்.

நறுக்குதல், துளைத்தல்

முழுச் சிறகு வைப்பதாக இருந்தால் நறுக்க வேண்டாம். சுவரில் மாட்டுகிற படத்துக்கு முழுச் சிறகு பரவாயில்லை. உடுத்துகிற துணிக்கு இலை வடிவம்தான் நல்லது. ஒரு சிறகிலிருந்து நடுவாட்டில் ஒரு பெரிய இலை அல்லது குறுக்கே வெட்டி இரண்டு சின்ன இலை எடுக்கலாம். கத்தரியை நிறுத்தி நிறுத்தி வெட்டாமல் ஒரே ஓட்டமாக, சிறகைத் திருப்பிக்கொண்டே வெட்டுங்கள். நின்ற இடத்தில்தான் பிசிறு வரும். பிறகு ஓரத்தை ஃபைலால் லேசாகத் தேய்த்து மழுக்குங்கள். கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தால் கீறக் கூடாது. நான் ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

துளைக்கும்போது சிறகின் குவிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். ரப்பர்த் துண்டில் வைத்து, ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, அமுக்காமல் இரண்டு விரலால் உருட்டுங்கள். ஊசி தானே இறங்கும். சட்டென்று குத்தினால் மறுபக்கத்தில் சில்லு தெறிக்கும். துளை ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். இலைத் துண்டுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, பக்கவாட்டில் ஒவ்வொன்று, ஆக நாலு. முழுச் சிறகுக்கும் நாலு போதும். தோள்ப்பக்கத் தடிப்பில் துளைக்காமல் அதற்குக் கொஞ்சம் கீழே துளையுங்கள். பக்கத்துத் துளைகள் இரண்டும் நேருக்கு நேர் இருந்தால், அந்தக் கோட்டிலேயே சிறகு மடங்கி உடையும். ஒன்றைக் கொஞ்சம் மேலேயும் மற்றதைக் கொஞ்சம் கீழேயும் வையுங்கள்.

துணியில் வரைதல்

முதல் வேலைக்கு ஒரே ஒரு தண்டு, இரண்டு பக்கமும் ஐந்தைந்து இலை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். டிரேசிங் பேப்பரில் தண்டை வரைந்து, தயாரான சிறகுகளையே அதன்மேல் வைத்து ஒவ்வொன்றின் வெளிக்கோட்டையும் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். சிறகுக்கு ஏற்ற மாதிரி படம் இருக்க வேண்டும், படத்துக்கு ஏற்ற சிறகு கிடைக்காது. அப்புறம் வழக்கம்போல ஊசியால் குத்தி, டிரேசிங் பவுடர் தேய்த்துத் துணிக்கு மாற்றுங்கள்.

வைக்கிற கோணத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். எல்லா இலையும் ஒரே பக்கம் சாய்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணையும். ஒன்று இப்படி, ஒன்று அப்படிச் சாய்ந்திருந்தால், உடுத்தியவர் நடக்கும்போது வெளிச்சம் இலைக்கு இலை தாவும். மேசை விளக்கை ஒரு பக்கத்தில் வைத்து, தைப்பதற்கு முன் சிறகுகளைத் துணியில் பரப்பிப் பார்த்தால் இது உடனே புரியும்.

தைத்தல்

துணிக்கு அடியில் மல் துணியைச் சேர்த்து வளையத்தில் இறுக்குங்கள். முதலில் தண்டை ஜரியில் சங்கிலித் தையலாக ஓட்டி முடியுங்கள். சிறகு வைத்தபின் பக்கத்தில் ஆரி ஓட்டினால் கை பட்டு உடையும். ஆகவே நூல் வேலை முதலில், சிறகு அதற்குப் பிறகு, சிறகைச் சுற்றும் ஜரி கடைசியில்.

நூலை மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். நைலான் நரம்பு வேண்டாம், அது துளையின் ஓரத்தை அறுக்கும். சிறகை இடத்தில் வைத்து இடது கட்டைவிரலால் லேசாகப் பிடித்து, அடியிலிருந்து ஊசியைத் துளை வழியாக மேலே எடுத்து, சிறகின் ஓரத்துக்கு வெளியே துணிக்குள் இறக்குங்கள். முதலில் நுனி, அடுத்து எதிர்முனை, அப்புறம் பக்கங்கள். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு சுற்று. இழுப்பு எவ்வளவு என்றால், சிறகு ஆடக் கூடாது, ஆனால் துணியில் சுருக்கமும் விழக் கூடாது. பொத்தான் தைக்கிற இழுப்பைவிடக் கொஞ்சம் குறைவு. இறுக்கிக் கட்ட வேண்டும் என்று கை துடிக்கும். முதலில் உடைந்த என் சிறகுகள் எல்லாம் அப்படி இறுக்கியதில் உடைந்தவைதான். ஒவ்வொரு சிறகுக்கும் அடியில் தனி முடிச்சுப் போடுங்கள். நூலை அறுக்காமல் பத்தையும் ஒரே ஓட்டத்தில் தைத்தால், ஒன்று உடைந்து மாற்றும்போது பக்கத்தில் இருப்பதும் தளர்ந்துவிடும்.

பத்தும் உட்கார்ந்தபின், ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஒட்டி ஜரியைப் படுக்கவைத்து, மெல்லிய நூலால் அரை சென்டிமீட்டருக்கு ஒரு முறை பிடித்துத் தையுங்கள். ஜரி, சிறகின் ஓரத்தில் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். தையல் நூலும் துளையும் அதற்குள் மறைந்துவிடும். தண்டோடு இலை சேர்கிற இடத்தில் ஒரு ஜமிக்கி வைத்தால் போதும். குந்தனும் கல்லும் பக்கத்தில் குவித்தால் சிறகு தோற்றுப்போகும். அந்தப் பச்சைக்குச் சுற்றிலும் வெறும் துணி வேண்டும்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை முதுகில், கழுத்துக்குக் கீழே ஒரு மயில் வைத்துக் கொடுத்தேன். மண்டபத்துக்குப் போகிற வழியில் கார் சீட்டில் சாய்ந்திருக்கிறார். ஆறு சிறகில் விரிசல் விழுந்துவிட்டது. அது என் தவறு, முதுகு சாய்கிற இடம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அதன்பிறகு முதுகு, முழங்கை, அக்குள், இடுப்பு மடிப்பு எதிலும் நான் சிறகு வைப்பதில்லை. இடது தோளில் முந்தானை உரசும், ஆகவே அங்கேயும் இல்லை. கையின் வெளிப்பக்கம், வலது தோள், துப்பட்டாவின் ஓரம், கைப்பையின் மடிப்பில்லாத முகப்பு, சுவரில் மாட்டும் படம், இவை பத்திரமான இடங்கள். ரவிக்கைக்கு லைனிங் கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள். டெய்லரிடம் கொடுக்கும்போது, சிறகு உள்ள இடத்தில் அயர்ன் பாக்ஸ் வைக்கக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதித் துணியிலேயே குத்திக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

துவைக்கக் கூடாது, டிரை கிளீனிங்கும் வேண்டாம். உடுத்திக் கழற்றியதும் நிழலில் காற்றாட விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். மடித்து வைக்காதீர்கள். வேலைப்பாடு வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி, பழைய வேட்டித் துணி கொடுத்து, ஒரு தடித்த அட்டைக் குழாயில் சுருட்டி வையுங்கள். பீரோவில் அதன்மேல் எந்தப் பட்டுப்புடவையும் ஏறக் கூடாது. கம்பளியை அரிக்கிற பூச்சிகள் காய்ந்த சிறகையும் விடாது, அதனால் மாதம் ஒரு தடவை விரித்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரு சிறகில் விரிசல் விழுந்தால் உடனே பிய்த்து எறியாதீர்கள். தையலை ஒரு பக்கம் மட்டும் தளர்த்தி, அடியில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் ஒரு கீற்றைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் மறுபடி பிடித்துத் தையுங்கள். எலன் டெர்ரியின் உடைக்குச் செய்த அதே வைத்தியம்.

முற்றிலும் நொறுங்கியதை ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து வையுங்கள். ஜம்மு பக்கத்துப் பசோலியில் 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள், நாயகியின் கழுத்து மாலையிலும் கைவளையிலும் மரகதம் வரைய வேண்டிய இடத்தில் வண்டுச் சிறகின் கடுகளவுத் துண்டுகளைத்தான் ஒட்டினார்கள். வீட்டில் அதற்கு ஒரு சொட்டுப் பசையும் ஒரு குண்டூசி நுனியும் போதும். போன வாரம் என் மகள் மீனாட்சியம்மன் படம் வரைந்தாள். கையிலிருக்கும் கிளிக்குப் பச்சை பென்சில் தீட்டப் போனவளை நிறுத்தி, உடைந்த துண்டுகளைக் கொடுத்தேன். மூன்று துண்டு சிறகுக்கு, ஒன்று வாலுக்கு. இப்போது ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கிளி ஒருமுறை நிறம் மாறுகிறது.